மூன்று சொட்டு எண்ணெய் குறித்து விளக்கம் கோருதல்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் அப்பாவும் நானும். அங்கே நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். பிள்ளைகள் எத்தனை பேர், இருக்கிறார்களா என்றுகூட எனக்குத் தெரியாது. கடிதம் என்றால் பிள்ளைகளை விசாரிக்காமல் ஆரம்பிக்க முடியாது என்பதால் விசாரித்துவிட்டேன். இல்லையென்றால் அந்த ஒரு சொல்லை அடித்துவிட்டுப் படி.

இது அலுவலகக் கடிதம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபத்துநான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலையில் நீ நம் வீட்டுப் பின்கதவைத் திறந்துகொண்டு போட்டோக்கடைக்காரரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போனாயே, அதைப் பற்றிய கடிதம் இல்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் அம்மா போனபோது நீ எழுதிய இரண்டு வரிக்கு நான் பதில் போடாமல் இருந்தேனே, அதைப் பற்றியதும் இல்லை. நான் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு சிக்கல். அதைத் தீர்க்க உன்னிடமிருந்து ஒரு சின்ன விளக்கம் வேண்டும். நீ நேரில் வர வேண்டியதில்லை. ஒரு வரி எழுதிப் போட்டால் போதும்.

நான் கைடு எழுதுகிறேன். ஆமாம், கல்லூரியில் படித்தபோது கையால்கூடத் தொடமாட்டேன் என்று நீ சொல்வாயே, அதே கைடுதான். பரீட்சைக்கு முந்தின நாள் வாங்கி, பரீட்சைக்கு மறுநாள் எடைக்குப் போடும் புத்தகம். பத்தொன்பது வருடமாக அதில் செய்யுள் பகுதி முழுக்க என்னுடையது. பெயர் போடமாட்டார்கள், 'அனுபவம் மிக்க பேராசிரியர் குழு' என்று போடுவார்கள். அந்தக் குழு நான்தான். அச்சகத்துக்கு மேல்மாடியில் ஒரு அறை. மின்விசிறியைப் போட்டால் தாள் பறக்கும், அணைத்தால் கீழேயிருந்து மை வாடை ஏறும். அதனால் விசிறியைப் போட்டுவிட்டு ஒவ்வொரு பாட்டின் மீதும் எதையாவது தூக்கி வைத்திருக்கிறேன்: ஒன்றின் மேல் பசை டப்பா, ஒன்றின் மேல் டீ டம்ளர், ஒன்றின் மேல் முதலாளியின் பழைய மூக்குக்கண்ணாடி. ஆயிரம் வருடத்துப் புலவர்கள் எல்லோரும் என் மேசையில் இப்படித்தான் அடங்கி உட்கார்ந்திருக்கிறார்கள்.

முதலாளி நல்ல மனிதர். கவிதையைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு கொள்கை உண்டு. பாட்டுக்குத் தொனி ஒன்று, மையக்கருத்து ஒன்று, குறியீடு நான்கு. எதிர்க்கடை கைடில் மூன்றுதான் இருக்கும் என்பதால் நமக்கு நான்கு. "டீச்சரம்மா, குறியீட்டுல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. நாலு எழுதிப் போட்டா ரெண்டாவது தேறும்" என்பார். நான் டீச்சர் இல்லை என்று பத்தொன்பது வருடமாகச் சொல்கிறேன். அவரும் பத்தொன்பது வருடமாகத் தலையை ஆட்டிவிட்டு, "சரிங்க டீச்சரம்மா" என்கிறார்.

இப்போது கதவுப் பாட்டுக்கு வருகிறேன். உனக்கு நினைவிருக்கும். பாடியவர் யாரென்று தெரியாத நான்கு வரிப் பாட்டு. காற்றில் கதவு அசைகிறது. முன்பெல்லாம் கதவு அசைந்தால் குரைத்த நாய் இப்போது தலையைக்கூடத் தூக்குவதில்லை. தோழி, நான் மட்டும்தான் ஒவ்வொரு முறையும் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஒரு பெண் சொல்கிறாள். அவ்வளவுதான். இதில் கதவு ஒன்று, காற்று இரண்டு, நாய் மூன்று. நான்காவது குறியீடு எங்கே? நானும் பாட்டைத் தலைகீழாகத் தொங்கவிட்டு உலுக்கிப் பார்த்துவிட்டேன். வேறு எதுவும் விழவில்லை.

அப்போதுதான் நம் பழைய பாடநூலை எடுத்தேன். முதல் பக்கத்தில் உன் பெயரும் அதன்கீழ் என் பெயரும் இருக்குமே, அது. நீ படித்து முடித்து எனக்குக் கொடுத்தது. பரீட்சைக்கு என்னைத் தயார் செய்கிறேன் என்று ஓரமெல்லாம் பென்சிலால் எழுதியது. கதவுப் பாட்டின் மேல்பக்கம், 'தொனி: ஏக்கம் என்று எழுதாதே, எல்லோரும் அதைத்தான் எழுதுவார்கள்' என்று இருக்கிறது. வலப்பக்கம், 'நாய் பாவம்' என்று இருக்கிறது. கீழே, கதவு என்ற சொல்லிலிருந்து ஒரு கோடு இழுத்து, 'மூணு சொட்டு எண்ணெய் போதும்' என்று இருக்கிறது.

நீ இலக்கியத்தில் முதல் மாணவி. நீ போன பிறகும் உன் ஆசிரியை வகுப்புக்கு வகுப்பு உன்னைச் சொல்லித்தான் எங்களைத் திட்டினார். நீ ஓரத்தில் ஒன்றை எழுதியிருக்கிறாய் என்றால் அதில் ஏதோ இருக்கத்தானே வேண்டும்? ஒரு வாரம் யோசித்தேன். யோசித்து இப்படி எழுதினேன்: 'மூன்று சொட்டு எண்ணெய் என்பது முறையே அன்பு, பொறுமை, நம்பிக்கை ஆகியவற்றைக் குறிக்கும். உறவு என்னும் கதவு துருப்பிடிக்காமல் இருக்க இம்மூன்றும் இன்றியமையாதன என்பதைப் புலவர் சொல்லாமல் சொல்கிறார்.' புலவர் அதைச் சொல்லவே இல்லை என்பதை இதைவிட மரியாதையாக யாராலும் சொல்ல முடியாது. முதலாளி படித்துவிட்டுக் கண்கலங்கினார். "இது எதிர்க்கடைக்கு ஏழு ஜென்மத்துக்கும் தோணாது" என்றார்.

பதினெட்டுப் பதிப்பு வந்துவிட்டது. எந்த வருடமும் அந்தப் பாட்டில் தொனியைத்தான் கேட்பார்கள், பிள்ளைகளும் ஏக்கம் என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். இந்த வருடம் எந்தப் புண்ணியவானோ, 'இப்பாடலில் இடம்பெறும் குறியீடுகளை விளக்குக' என்று கேட்டுவிட்டார். விடைத்தாள் திருத்திய ஒரு தமிழாசிரியரிடமிருந்து முதலாளிக்குக் கடிதம் வந்தது. 'ஐயா, நான் திருத்திய முந்நூற்றுப் பன்னிரண்டு விடைத்தாள்களில் இருநூற்றெண்பதில் எண்ணெய் ஒழுகுகிறது. பாட்டை நாற்பது முறை படித்துவிட்டேன். எண்ணெய் எங்கே இருக்கிறது? எந்தச் சுவடியைப் பார்த்து எழுதினீர்கள் என்று தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.'

முதலாளி மாடிப்படி ஏறி வந்தார். அவருக்கு முழங்கால் வலி, படி ஏறவே மாட்டார். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"டீச்சரம்மா, எண்ணெய் எந்தச் சுவடி?"

"எங்க அக்கா சுவடிங்க."

"அவங்க எங்க இருக்காங்க?"

நான் பசை டப்பாவை எடுத்து இன்னொரு பாட்டின் மேல் வைத்தேன், மூக்குக்கண்ணாடியை எடுத்துப் பசை டப்பா இருந்த இடத்தில் வைத்தேன். அவர் பயந்துபோய் என் டீயை எடுத்துக் குடித்துவிட்டார்.

இது போதாதென்று இரண்டாம் நாள் ஒரு ஆராய்ச்சியாளர் வந்து நின்றார். முப்பத்தைந்து வயது இருக்கும், தோள்பையில் ஒரு பெரிய கட்டு. 'கதவுப் பாட்டில் எண்ணெய்: ஒரு மறைபொருள் ஆய்வு' என்று ஐந்து வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறாராம், முந்நூற்று நாற்பது பக்கம். கல்லூரியில் எங்கள் கைடைப் படித்தபோது அந்த எண்ணெயில் வழுக்கி விழுந்தவர்தான், எழுந்திருக்கவே இல்லை. "அம்மா, இதுக்காகக் கல்யாணத்தையே ரெண்டு தடவை தள்ளிப் போட்டிருக்கேன். அந்தப் பொண்ணு ரொம்பப் பொறுமைசாலி, ஆனா அதுக்கும் ஒரு அளவு இருக்கு. எண்ணெய் இல்லைன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்றார். அந்தப் பெண்ணை நினைத்துப் பார், அக்கா. எங்கோ ஒருத்தி என் நான்காவது குறியீட்டுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள்.

மூல நூலை நேரில் பார்த்தால்தான் ஆயிற்று என்று முதலாளியும் ஆராய்ச்சியாளரும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். நான் மாடியில் பரணைக் குடைந்து அந்தப் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். முன்வாசலில் அவர்கள் தட்டியது எனக்குக் கேட்கவில்லை. அப்பாவுக்கும் கேட்கவில்லை. அவருக்கு இப்போது ஒரு காதுதான் வேலை செய்கிறது. முன்னறையில் புழுக்கம் என்று சொல்லிக் கட்டிலைப் பின்னறைக்கு மாற்றி வெகுகாலமாகிறது. நல்ல காது பின்கதவுப் பக்கம் இருக்கும்படி ஒருக்களித்துப் படுத்திருப்பார். நீ இருக்கும்போதே கொஞ்சம் முனகிய கதவுதான் அது. இப்போது கத்துகிறது. காற்று வீசினால் போதும், பிள்ளை பெறுகிறவள் மாதிரி ஒரு சத்தம். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு முறை புகார் சொல்லிவிட்டார்கள். எண்ணெய் விடுகிறேன் என்று நான் எத்தனை முறை கிளம்பினாலும், "பின்கட்டு என் பொறுப்பு, நீ உன் பாட்டைப் பாரு" என்று அப்பா விரட்டிவிடுவார். சோம்பேறித்தனம், பிடிவாதம், வயது என்று நானாக மூன்று காரணம் எழுதிக்கொண்டு விட்டுவிட்டேன். மூன்றும் தப்பு. அதைச் சொல்லத்தான் வருகிறேன்.

முன்வாசலில் பதில் இல்லாததால் இரண்டு பேரும் சந்து வழியாகப் பின்பக்கம் வந்திருக்கிறார்கள். நம் பின்கதவு உள்ளே தள்ளித் திறக்கும் கதவு. முதலாளி அதைத் தன் பக்கம் இழுத்தார். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். அச்சகக்காரர் கை, உனக்குத் தெரியாது, காகிதக் கட்டைத் தூக்கித் தூக்கி இரும்பு மாதிரி இருக்கும். மேல் கீல் மரத்தோடு பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. நான் புத்தகத்தோடு ஓடிவந்து பார்க்கும்போது, சாய்ந்த கதவை முதலாளி ஒரு பக்கமும் ஆராய்ச்சியாளர் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கட்டிலில் எழுந்து உட்கார்ந்து அப்பா அவர்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு அப்போது புரியவில்லை. யாரையோ எதிர்பார்த்து எழுந்தவர் முகம் அது. கதவு அப்படிச் சத்தமாகத் திறந்து வெகுநாளாயிற்று.

"நீங்க யாரு?" என்றார் அப்பா.

"கைடு போடுறவன் ஐயா."

"கதவையா?"

"இல்லைங்க, புத்தகம். கதவு தானா வந்துடுச்சு."

"வந்ததுதான் வந்தீங்க, ஆடாம பிடிங்க. சின்னவளே, தெருமுனைக்குப் போய் தச்சரைக் கூட்டிட்டு வா."

தச்சர் வருவதற்கு அரைமணி ஆனது. அதுவரைக்கும் இருவரும் கதவைப் பிடித்துக்கொண்டே விவாதம் நடத்தினார்கள். கதவு என்பது மனம் என்றார் ஆராய்ச்சியாளர். இவ்வளவு கனமான மனத்தைத் தான் பார்த்ததில்லை என்றார் முதலாளி. தச்சர் வந்து பையை இறக்கினார். ஒல்லியான ஆள், காதில் பென்சில். கதவைப் பார்த்தார், கதவைப் பிடித்திருந்தவர்களைப் பார்த்தார், என் கையில் விரிந்திருந்த புத்தகத்தைப் பார்த்தார். என்ன சமாசாரம் என்று கேட்டார். முதலாளி மூச்சு வாங்கியபடி பாட்டைச் சொன்னார். தச்சர் திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி, அந்தம்மா ஏன் தாழ்ப்பாள் போடல?" என்றார்.

ஆராய்ச்சியாளர் முதலாளியைப் பார்த்தார், முதலாளி என்னைப் பார்த்தார்.

"காத்துக்குக் கதவு ஆடுதுன்னா தாழ்ப்பாள் போடலன்னு அர்த்தம். வீட்டுல பொம்பள தனியா இருக்கு. நாயும் குரைக்கிறதில்ல. அப்புறமும் ஏன் போடாம இருக்கு? அத மொதல்ல சொல்லுங்க. மனசு கினசெல்லாம் அப்புறம்."

பத்தொன்பது வருடம், அக்கா. பதினெட்டுப் பதிப்பு. நாய்க்கு அரைப்பக்கம் எழுதியிருக்கிறேன், காற்றுக்கு முக்கால் பக்கம். தாழ்ப்பாளை நான் நினைக்கவே இல்லை. ஆராய்ச்சியாளர் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் பையில் பேனாவைத் தேட ஆரம்பித்தார்.

தச்சர் பேசிக்கொண்டே கீலைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பினார். "இது யாரு செஞ்ச வேலை?" என்றார். கீலின் குழிக்குள் கறுப்பாக, பிசின் மாதிரி ஏதோ இறுகியிருந்தது. "சமையல் எண்ணெய். கீலுக்குச் சமையல் எண்ணெய் விடவே கூடாதுங்க. விட்ட அன்னைக்கு அப்படியே வெண்ணெய் மாதிரி போகும், பூனை நடந்தாப்பல ஒரு சத்தம் வராது. அப்புறம் தூசி ஏறி, பிசுபிசுத்து, இப்படிக் கல்லாப் போயிடும். போனதும் கத்த ஆரம்பிக்கும். இது பழைய எண்ணெய், இருபது வருஷத்துக்கு மேல இருக்கும். அதுவும் மேல் கீலுக்கு மட்டும், அளவா ரெண்டு மூணு சொட்டு. விவரமான ஆளுதான்."

"அப்போ எண்ணெய் இருக்கு!" என்று ஆராய்ச்சியாளர் கதவை விட்டுவிட்டார். முதலாளி ஒரு வார்த்தை சொன்னார், அதை இங்கே எழுத முடியாது. கதவு அவர் தோளில் சாய்ந்தது. ஆராய்ச்சியாளர் அந்தக் கறுப்புப் பிசினில் கொஞ்சத்தைச் சுரண்டி ஒரு தாளில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஆதாரமாம்.

நான் புத்தகத்தைப் பார்த்தேன். கதவு என்ற சொல்லிலிருந்து நீ இழுத்த கோடு. மூணு சொட்டு எண்ணெய் போதும். அன்பு, பொறுமை, நம்பிக்கை. எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது, நம்பு. சிரித்துக்கொண்டே சமையலறைக்குப் போய்விட்டேன். திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆனது.

வரும்போது அப்பா கட்டிலை விட்டு இறங்கி வந்து, அந்தக் கீலைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். தச்சர் அவருடைய நல்ல காதுப் பக்கம் குனிந்து எண்ணெய்க் கதையை இன்னொரு முறை கத்தினார். அப்பா கட்டைவிரலால் அந்தக் கறுப்பைத் தடவினார். "கெட்டிக்காரி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இருபத்துநான்கு வருடத்தில் உன்னைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல் அது.

"ஐயா, இதச் சுத்தமாச் சுரண்டிட்டு நல்ல கிரீஸ் போட்டுடறேன். சத்தமே வராது" என்றார் தச்சர்.

"கீலை மாட்டு. சத்தத்தைத் தொடாதே."

"என்னங்க?"

"சத்தம் வரணும்."

"நாப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன் ஐயா. கதவு கத்தணும்னு கேக்குற மொத ஆளு நீங்கதான்."

"சத்தம் வந்தாத்தானே யாரு வந்தான்னு தெரியும்" என்றார் அப்பா. பிறகு என்னைப் பார்த்துவிட்டு, "திருடன்" என்றார்.

"அப்பா, நம்ம வீட்டுல திருட என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லதான். இருந்தது போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு மறுபடி போய்ப் படுத்துக்கொண்டார், நல்ல காது இந்தப் பக்கமாக.

தச்சர் கீலை மாட்டிவிட்டுத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார். வரவில்லை. சுத்தியலால் தட்டியும் வரவில்லை. "துருவேறி அப்படியே நிலையோட ஒண்ணாயிடுச்சு. இதை யாரும் போட்டே இருபது வருஷம் இருக்கும்" என்றார், குரலைத் தாழ்த்திக்கொண்டு. பிறகு பையைத் தூக்கித் தோளில் போட்டபடி, "பாட்டுல கேட்டேனே, அதுக்குப் பதில் கெடைச்சுடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார். பின்கட்டு என் பொறுப்பு என்று அப்பா சொன்னதற்கு அர்த்தம் இதுதான். ஒவ்வொரு நாளும் அவர் போய்ப் பூட்டிவிட்டு வருகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சாத்திவிட்டு மட்டும் வந்திருக்கிறார். கதவு அசைந்தால் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வருவார். தண்ணீர் குடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். நம் வீட்டில் நாய் கிடையாது. தலையைத் தூக்காமல் படுத்திருந்தது நான்தான்.

சரி, அலுவலக விஷயத்துக்கு வருகிறேன். என் கேள்வி இது.

நீ போவதற்கு முந்தின நாள் சாயங்காலம், தலை வாரிக்கொண்டே, "கதவுப் பாட்டை ஒரு தடவை பார்த்துட்டுத் தூங்குடி, நாளைக்கு டெஸ்ட்ல வரும்" என்று சொன்னாய். நான் "ம்" என்றேன். பார்க்கவில்லை. குப்புறப் படுத்துத் தூங்கிவிட்டேன். நீ போய் மூன்றாம் நாள்தான், உன் கையெழுத்தைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது என்று அந்தப் புத்தகத்தைப் பிரித்தேன். அந்தக் குறிப்பை நீ உனக்காகக் கிறுக்கி வைத்தாயா? இல்லை, நான் படிக்க வேண்டும் என்று எழுதினாயா? படித்தால் எழுந்து வந்து ஏதாவது கேட்பேன் என்று நினைத்தாயா? கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு கொஞ்ச நேரம் நின்று பார்த்தாயா? புலவரை விடு. நீ சொல்லாமல் சொன்னாயா, சொல்லாமலே போனாயா?

இருபத்துநான்கு வருடமாக நான் இரண்டாவதைத்தான் எழுதி வைத்திருக்கிறேன். ஒரே அறை, ஒரே பாய், ஒரே பாடநூல், ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்ற கோபத்தில்தான் உன் இரண்டு வரிக்குப் பதில் போடவில்லை. போட முயற்சி செய்யாமல் இல்லை. பதினோரு முறை எழுதினேன். ஒவ்வொன்றும் முன்னுரையோடு ஆரம்பித்து முடிவுரையோடு முடிந்தது. நீ எழுதிய வரிகள் இப்போதும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன: 'அம்மா செய்தி தெரிந்தது. நீ வேளைக்குச் சாப்பிடு.' அதன் தொனி என்ன என்று ஒன்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதட்டல் மாதிரியும் இருக்கிறது. உன் கையால் ஒரு தட்டு சாதம் வைத்த மாதிரியும் இருக்கிறது.

முதலாவதுதான் உண்மை என்றால் தப்பு என்னுடையது, பாடத்தைப் படிக்காமல் தூங்கியது. படித்திருந்தாலும் எனக்குப் புரிந்திருக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அன்பு, பொறுமை, நம்பிக்கை என்று எழுதிவிட்டுக் குப்புறப் படுத்திருப்பேன். என்னை உனக்குத் தெரியாதா? ஆனாலும் தெரிய வேண்டும். பதில் ஒரு வரி போதும். முதலாளி அடுத்த பதிப்பை நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். ஆராய்ச்சியாளரும் அவருக்காக ஒரு பெண்ணும் காத்திருக்கிறார்கள். ஆகவே இது அவசரம் என்பதைக் கவனத்தில் கொள்ளவும்.

அப்பாவைப் பற்றிக் கவலைப்படாதே. அவர் உன்னைப் பற்றிப் பேசுவதே இல்லை. அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். அவரை நான் பார்த்தது ஒரே ஒரு முறை, கல்லூரி அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போனபோது. "தலையை இடப்பக்கம் சாய்ங்க, அப்படியே இருங்க" என்று சொல்லிவிட்டுக் கறுப்புத் துணிக்குள் போனார். பிறகு உன்னோடு போய்விட்டார். நான் இன்னும் அப்படியே இருக்கிறேன் என்று சொல். பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு என் ஆசிகள். சித்தி கைடு எழுதுகிறாள், அவர்கள் அதைப் படிக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

இந்தக் கடிதத்தின் தொனி என்ன என்று யாராவது கேட்டால், புகார் என்று போட்டுக்கொள். அதை எல்லோரும் எழுதமாட்டார்கள்.

இப்படிக்கு,
உன் குறிப்புகளை வைத்தே இத்தனை வருடம் பிழைத்துவிட்ட
தங்கை

பின்குறிப்பு: ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. அந்தப் பாட்டைப் பாடத்திட்டத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். சுற்றறிக்கை வந்து இருபது நாளாகிறது. முதலாளி எதையும் நிறுத்தி வைக்கவில்லை. அந்தப் பக்கத்தில் வேறு பாட்டு ஏறி, அதற்கும் நான்கு குறியீடு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆராய்ச்சியாளர் தலைப்பைத் தாழ்ப்பாள் என்று மாற்றிக்கொண்டு கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டார், அழைப்பு வந்திருக்கிறது. ஆகவே அலுவலகத்தில் சிக்கல் என்று எதுவும் இல்லை. இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கும்போதே இல்லை. ஒரு வரி போதும், நேரில் வர வேண்டியதில்லை என்று மேலே எழுதியிருப்பதை அடித்துவிட்டுப் படி. ஒரு வரி போதாது, அக்கா.

இன்னொன்று. உறையில் விலாசம் எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா வந்து பக்கத்தில் நின்றார். "யாருக்கு?" என்றார். கைடு வேலை என்றேன். உறையை வாங்கித் திருப்பினார். கண்ணாடி போடாமல் அவருக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஆனால் நெடுநேரம் பார்த்தார். பிறகு நான் ஒட்டியிருந்த தபால்தலையின் நான்கு மூலையையும் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அழுத்தினார்.

"பின்கதவு கத்தும்னு எழுதினியா?"

"எழுதியிருக்கேன்பா."

"இழுக்க வேணாம், தள்ளினாப் போதும்னு எழுது. அதுவும் மறந்திருக்கும்."